வைகைக்கரை டாக்கீஸ் – 9: சித்தப்பாவின் மெக்கன்னா

போன வாரம் தங்கம் தியேட்டரைப் பற்றி எழுதியிருந்தேன். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,500 பேருக்கு மேல் உட்காரலாம் என்றெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன். இதழ் வந்த அன்று சாயங்காலமே, பரவையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் சித்தப்பா வீட்டில் எனக்கு விசாரணை.

“எல்லாம் சரிதான்டா. ரீகலை எப்ப எழுதப்போற?”

“வரும் சித்தப்பா.”

“எப்ப? நான் போய்ச் சேந்தப்புறமா?”

ஆகவே இந்த வாரம் ரீகல். ஆனால் ரீகலுக்குப் போவதற்கு முன்னால் சித்தப்பாவை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவிட வேண்டும். அவர் இல்லாமல் இந்த அத்தியாயம் நகராது.

அவர் பஞ்சாலைத் தொழிலாளி. அஞ்சாங்கிளாஸ் படிப்பு. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது ‘ஷிப்டு’, ‘ஓவர்டைம்’, ‘போனஸ்’, அப்புறம் மேஸ்திரி திட்டும் இரண்டு வார்த்தைகள். அப்படியிருந்தும் எழுபதுகளில் பரவையில் இங்கிலீஷ் படத்துக்கு அவர்தான் அத்தாரிட்டி. ஷிப்டு முடிந்ததும் குளித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு விளாங்குடி, பாத்திமா காலேஜ், ஆரப்பாளையம் என்று பத்து கிலோமீட்டர் மிதித்து மதுரைக்குப் போவார். படம் பார்த்துவிட்டு நடுராத்திரிக்கு மேல் திரும்புவார். மறுநாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் எங்களுக்கு அந்தப் படம் ‘ஓடும்’.

அவர் சொன்ன படங்களில் எனக்கு இன்னும் காதில் கேட்பது ‘மெக்கன்னாஸ் கோல்ட்’. 1969-இல் அமெரிக்காவில் வந்த படம். கிரிகரி பெக், ஒமர் ஷரீப். அமெரிக்காவில் அவ்வளவாக எடுபடவில்லை. இந்தியாவில்தான் அது ஓடோ ஓடென்று ஓடியது. சித்தப்பா சொன்ன விதம் இப்படி:

“கெழவன் சாகக் கெடக்கான். அவன்கிட்ட ஒரு மேப்பு. தங்கம் இருக்குற மலைக்கு வழி. நம்மாளு அதை ஒரு தடவை பாத்தான். நெருப்புல போட்டுட்டான். அம்புட்டுதான்! மலை, பள்ளம், ஓடை எல்லாம் மண்டைக்குள்ள போயிருச்சு. நம்ம கணக்கப்பிள்ளை அடங்கலைப் பாக்காமலே சொல்லுவாருல்ல, அந்த மாதிரி. இப்ப மேப்பு எங்க இருக்கு? மண்டையில. அப்ப அவனைக் கொல்ல முடியுமா? முடியாது. அதான்டா சூச்சமம்.”

படத்தின் ஆரம்பத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு வானத்தில் சுற்றும், பின்னால் ஒரு பாட்டு ஓடும். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கழுகு அவர் கணக்கில் மலைக்குக் காவல். கருப்பசாமி அனுப்பிவைத்த ஆள். ஒமர் ஷரீப் வேறு யாருமில்லை, மெக்கன்னாவின் அத்தை மகன். பெண் கொடுக்கவில்லை என்று பழைய பகை. படத்தின் நடுவில் ஒரு பெரிய கும்பல் தங்க ஆசையில் வந்து சேரும். எட்வர்ட் ஜி. ராபின்சன், ஈலை வாலக் என்று ஒவ்வொருவரும் பெரிய நடிகர்கள். அவர்களையெல்லாம் சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார்: “நடுவுல பத்துப் பேரு வருவாய்ங்க, செத்துப்போவாய்ங்க.” கடைசியில் பூகம்பம் வந்து மலையே இடிந்து விழும்போது அவர் கைகள் இரண்டும் தலைக்கு மேல் போகும். எங்களில் சின்னவன் ஒருத்தன் நிஜமாகவே எழுந்து ஓடியிருக்கிறான். எல்லாம் முடிந்து தூசி அடங்கியதும் குரலைத் தாழ்த்துவார். “குதிரையில ஒரு பை தொங்குதுல்ல, அதுல தங்கம் இருக்கு. அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.”

பல வருஷம் கழித்து அந்தப் படத்தை எழுத்துப் போட்ட பிரதியில் பார்த்தேன். அத்தை மகன் இல்லை. கருப்பசாமி இல்லை. குதிரைப் பையில் தங்கம் மட்டும் அவர் சொன்னபடியே இருந்தது. நடுவில் வந்த பத்துப் பேரைப் பற்றி அவர் சொன்னதும் சரிதான் என்று பட்டது. படத்தை எடுத்தவர்களே அவர்களை அதற்கு மேல் மதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சித்தப்பாவின் மெக்கன்னா ஹாலிவுட்காரர்களின் மெக்கன்னாவைவிட நல்ல படம்.

பாஷை தெரியாமல் படம் பார்த்தவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு இளக்காரம் உண்டு. ‘சண்டைக்காகப் பார்த்தார்கள்’, ‘முத்தத்துக்காகப் பார்த்தார்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவோம். இரண்டும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதுரை மாதிரி ஊரில் ஹாலிவுட் படம் பார்ப்பது வேறு ஒரு காரியமாகவும் இருந்தது. திரையில் வந்தது பாதிப் படம். மறு பாதியைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் போட்டார்கள். இது சித்தப்பா கண்டுபிடித்ததல்ல. நம் ஊரில் சினிமா வந்த நாளிலிருந்தே இருக்கிற பழக்கம்.

சாமிக்கண்ணு வின்சென்டைப் பற்றி இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கோயம்புத்தூர்க்காரர், திருச்சி ரயில்வேயில் வரைபடப் பிரிவில் வேலை. 1905-இல் டு பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு டெண்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். பெஷாவர், ரங்கூன் வரைக்கும் போனார். அவர் பெட்டியில் இருந்த முக்கியமான சரக்கு இயேசுவின் வாழ்க்கைப் படம். அப்போது வெளிநாட்டுப் படம் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுப் படம்தான். முதல் உலகப்போர் வந்து ஐரோப்பாவில் படம் எடுப்பது படுத்துப்போனது. அந்த இடத்தில் அமெரிக்கா வந்து உட்கார்ந்தது. யூனிவர்சல் கம்பெனி 1916-லேயே இந்தியாவில் ஏஜென்சி திறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்த அமெரிக்க நடிகர் எட்டி போலோ. இன்றைக்கு அமெரிக்காவிலேயே அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சர்க்கஸில் பார் விளையாடியவர். கூரையிலிருந்து குதிப்பார், ஓடும் ரயிலில் தொங்குவார், ஐந்து பேரை ஒரே நேரத்தில் அடிப்பார். பதினெட்டு இருபது பாகங்களாக வரும் சீரியல் படங்கள் அவருடையவை. அமெரிக்காவில் வாரம் ஒரு பாகம் காட்டி, ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். நம் ஊரில் அந்தப் பொறுமையெல்லாம் செல்லாது. பல பாகங்களைச் சேர்த்து ஒரே ராத்திரியில் ஓட்டினார்கள்.

மதுரைக்கு அமெரிக்கர்கள் புதியவர்கள் அல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷன் 1834-லேயே மதுரைக்கு வந்துவிட்டது. பசுமலையில் பள்ளிக்கூடம், கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி என்று அவர்கள் கைபடாத இடம் குறைவு. ஆனால் மதுரை அதுவரை பார்த்த அமெரிக்கர், கழுத்துவரை பட்டன் போட்டு, பைபிளை இடுக்கிக்கொண்டு நடந்த பாதிரியார். இப்போது வெள்ளைத் துணியில் வந்த அமெரிக்கர் மச்சுக்கு மச்சு தாவினார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று நம்ப யாருக்குத்தான் முடிந்திருக்கும்?

அந்தப் படங்களுக்குக் குரல் கிடையாது. இடையிடையே எழுத்து அட்டை வரும். அதுவும் இங்கிலீஷில். அதைப் படித்துச் சொல்லத்தான் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். வெறுமனே படித்துச் சொல்வதோடு அவர் நிறுத்தியிருந்தால் வரலாற்றில் அவருக்கு வேலை இல்லை. அவர் கதையே சொன்னார். திரையில் உதடு அசையும்போதெல்லாம் தமிழில் பேசினார். கதாநாயகிக்கு அழுதார், வில்லனுக்குச் சிரித்தார். பெயர்களை நம் வாய்க்கு வசதியாக மாற்றினார். சண்டை வந்தால் அவர் தொண்டையும் ஏறும், ஆர்மோனியமும் தபலாவும் கூட ஏறும். தெருக்கூத்தில் கட்டியங்காரனையும் கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபத்தையும் பார்த்துப் பழகிய சனத்துக்கு இது அந்நியமாகவே படவில்லை. படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. கதை மதுரையிலேயே தயாரானது.

சர்க்காருக்கு இது கவலையாகிவிட்டது. 1927 அக்டோபரில் இந்திய சினிமாட்டோகிராப் கமிட்டி அமைத்தார்கள். தலைவர் சென்னை வக்கீல், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டியின் வெளிவேஷம் தணிக்கையை ஆராய்வது. உள்ளே இருந்தது இரண்டு பயம். ஒன்று வியாபாரம்: பிரிட்டிஷ் படங்கள் அமெரிக்கப் படங்களோடு போட்டிபோட முடியாமல் திணறிக்கொண்டிருந்தன, சாம்ராஜ்யத்துக்குள் அவற்றுக்குச் சலுகை வேண்டும் என்றார்கள். இன்னொன்று மானம்: வெள்ளைக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் நாளைக்குத் துரைசானியை எந்தக் கண்ணோடு பார்ப்பான்?

கமிட்டி நாடெல்லாம் சுற்றியது. 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பி, 353 பேரை நேரில் விசாரித்தது. 1928-இல் வந்த அறிக்கையில் ரங்காச்சாரியார், பிரிட்டிஷ் படத்துக்குத் தனிச் சலுகை தேவையில்லை, ஆதரிப்பதென்றால் இந்தியப் படத்தை ஆதரியுங்கள் என்கிற பக்கம் நின்றார். சர்க்கார் அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டது. நமக்கு வேண்டிய செய்தி வேறு. இந்தியாவில் அதுவரை வந்த படங்களில் எல்லாவற்றையும்விட மக்கள் விரும்பிப் பார்த்தது எது என்று அந்த விசாரணையில் தெரியவந்தது: டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. 1924-இல் வந்தது. பறக்கும் கம்பளம், மாயக்குதிரை, கயிறு தானாக எழும்பி நிற்பது. கதை நடப்பது பாக்தாத்தில், எடுத்தது ஹாலிவுட்டில், நம் ஆட்களுக்கு அது பாட்டி சொன்ன கதை. எழுத்து அட்டையே தேவைப்படாத படம்.

அதே கதையை 1940-இல் மறுபடி எடுத்தார்கள். இங்கிலாந்தில் தொடங்கி, போர் வந்துவிட்டதால் அமெரிக்காவுக்குப் போய் முடித்தார்கள். அதில் திருடனாக வந்த பையன் சாபு, நம் பக்கத்து மைசூர் யானைப்பாகன் மகன். 1960-இல் எம்.ஜி.ஆரே ‘பாக்தாத் திருடன்’ ஆனார். ஒரு கதை மூன்று தடவை கடல் தாண்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1931-இல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தது. படம் பேச ஆரம்பித்ததும் பேசிக்கொண்டிருந்தவர் வீட்டுக்குப் போனார். தமிழ்ப் படத்துக்கு அவர் வேண்டாம், சரி. இங்கிலீஷ் படமும் இப்போது பேசியது. அது பேசுகிறபோது இவர் குறுக்கே பேச முடியாது. ஊமைப்படத்தில் கூலித் தொழிலாளியும் கலெக்டரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். பேசும்படம் வந்ததும் கலெக்டர் ஒரு படத்தையும் கூலித் தொழிலாளி வேறொரு படத்தையும் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒரே கொட்டகையில் உட்கார்ந்துகொண்டே. வழக்கப்படி பார்த்தால் அத்தோடு நம் ஆள் இங்கிலீஷ் படத்தை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் போனார்; அவர் வேலையைப் பார்க்கிறவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ரீகல்.

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மேலவெளி வீதியில் இருக்கிறது விக்டோரியா எட்வர்டு மன்றம். மகாராணி பெயரும் அவர் மகன் பெயரும் சேர்த்து வைத்த கட்டடம். வாசகசாலையும் கூட்ட மண்டபமும் இருந்த அந்தக் கட்டடத்தில்தான் ரீகல் டாக்கீஸ் ஓடியது. பிற்காலத்தில் ‘தங்கரீகல்’ என்று பெயர். மதுரையில் இங்கிலீஷ் படம் என்றால் ரீகல் என்று ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் அங்கே வந்த கூட்டமும் ஒரு தினுசு. முன்னால் மில் தொழிலாளி, ரிக்‌ஷாக்காரர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பின்னால் கல்லூரிப் பேராசிரியர், வக்கீல், ரயில்வே ஆபீசர், பரீட்சைக்கு இங்கிலீஷ் பழகிக்கொள்ளலாம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்த மாணவர்கள். சித்தப்பா சொல்லும் ஒரு விஷயம்: “சிரிப்பு ரெண்டு தடவை வரும்டா. மொதல்ல பின்னாடி சேர்ல இருந்து வரும். அது வசனம் புரிஞ்ச சிரிப்பு. ஒரு நிமிசம் கழிச்சு முன்னாடி பெஞ்சுல இருந்து வரும். அது மூஞ்சியப் பாத்துப் புரிஞ்ச சிரிப்பு. சில நேரம் முன்னாடி மொதல்ல சிரிப்பாய்ங்க, பின்னாடி இருக்கவன் திருதிருன்னு முழிப்பான்.”

இங்கிலீஷ் படம் நீளம் குறைவு. ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி. மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்குப் பழகியவன் கொடுத்த காசுக்கு அது பத்துமா? அதனால் நியூஸ் ரீல், கார்ட்டூன், வரப்போகும் படத் துண்டு எல்லாவற்றையும் முதலில் ஓட்டி, படம் கொஞ்சம் நகர்ந்ததும் இடைவேளை விடுவார்கள். ஹாலிவுட் இயக்குநர் இடைவேளை என்று ஒன்று இருப்பதாக நினைத்தே படம் எடுத்திருக்க மாட்டார். கதாநாயகன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையக் காலை வைப்பான், விளக்கு எரியும். முறுக்கும் டீயுமாகப் பத்து நிமிஷம், உள்ளே என்ன இருக்கும் என்று பெஞ்சில் பட்டிமன்றம் நடக்கும். சித்தப்பாவின் அத்தை மகன்களும் பழைய பகைகளும் அந்தப் பத்து நிமிஷத்தில் பிறந்தவை என்பது என் சந்தேகம்.

இருட்டில் உட்கார்ந்து அப்படித் தங்களுக்குத் தாங்களே கதை போட்டுக்கொண்டவர்களில் சிலர் சினிமாக்காரர்களாகவும் இருந்தார்கள்.

‘மாயா மச்சீந்திரா’ படப்பிடிப்புக்காகக் கல்கத்தாவில் தங்கியிருந்த எம்.ஜி.ஆர்., அங்கே ரொனால்ட் கோல்மன் நடித்த ‘இஃப் ஐ வேர் கிங்’ என்ற படத்தைப் பார்த்தார். அப்போது அவர் சின்ன வேடங்களுக்கு அலைந்துகொண்டிருந்தவர். அந்தப் படத்திலிருந்து அவருக்குள் ஒட்டிக்கொண்டது கதைகூட இல்லை, நான் ராஜாவாக இருந்தால் என்ன செய்வேன் என்கிற அந்தக் கேள்வி. ஏறக்குறைய இருபது வருஷம் அதை வைத்துக்கொண்டிருந்தார். ‘தி பிரிஸனர் ஆஃப் ஜெண்டா’விலிருந்து ஆள்மாறாட்டத்தை எடுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு, தானே இயக்கி, 1958-இல் ‘நாடோடி மன்ன’னாக வெளியிட்டார். படம் ஓடிய ஓட்டத்துக்கு மதுரையில் வெற்றி விழா எடுத்து 110 சவரனில் தங்க வாள் கொடுத்தார்கள். கல்கத்தாக் கொட்டகையில் காதில் விழுந்த ஒரு இங்கிலீஷ் வசனம் வைகைக் கரையில் தங்கமாக வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு சொன்ன பதில் அரசியல் வரலாறு. அது நம் தொடரின் எல்லைக்கு வெளியே.

‘உத்தமபுத்திரன்’ இரண்டு தடவை வந்தது. 1940-இல் சின்னப்பா, 1958-இல் சிவாஜி. இரும்பு முகமூடிக்குள் அடைபட்ட இரட்டைப் பிள்ளை கதை, ஹாலிவுட் முகமூடிதான். டி.ஆர். ராமச்சந்திரனை உருட்டு விழிக்காகத் ‘தமிழ்நாட்டு எட்டி கேன்டர்’ என்றார்கள். ஜெய்சங்கர் தொப்பி வைத்துக்கொண்டு குதிரையேறிய ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களை ஒளிப்பதிவாளர் கர்ணன் எடுத்தபோது, டெக்சாஸ் நம் பொட்டல்காட்டுக்கே வந்துவிட்டது. இதையெல்லாம் ‘காப்பி’ என்று ஒரு சொல்லில் தள்ளுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காப்பி அடிக்கிறவன் மூலத்தைப் புரிந்துகொண்டு அடிக்கிறான். இவர்கள் பாதியைப் பார்த்து மீதியைத் தாங்களே போட்டவர்கள்.

ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ஸை ஜெமினி 1954-இல் ‘ராஜி என் கண்மணி’ என்று தமிழில் கொண்டுவந்தது. அதே ராமச்சந்திரன் சாப்ளின் இடத்தில், ஸ்ரீரஞ்சனி கண் தெரியாத பூக்காரி. நல்ல நடிகர்கள், நல்ல பாட்டு. ஆனால் மூலப்படத்தின் உயிர் வாய்மூடி இருந்ததில் இருக்கிறது. 1931-இல், ஊரெல்லாம் பேசும்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பேசமாட்டேன் என்று பிடிவாதமாக சாப்ளின் எடுத்த படம் அது. அதற்கு வசனம் எழுதியதும் அதில் நாம் போட வேண்டிய பாதி காணாமல் போய்விட்டது.

சரி, பாஷை தெரியாமல் நாம் அவர்கள் படத்தைப் பார்த்தோம். பாஷை தெரியாமல் அவர்களில் ஒருவர் நம் படத்தை எடுத்தார். அவரைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை மூடினால் நியாயமில்லை.

எல்லிஸ் ஆர். டங்கன். 1909-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படிக்கும்போது உடன் படித்த மாணிக் லால் டாண்டன், இந்தியாவுக்கு வாயேன் என்று கூப்பிட்டார். 1935-இல் மைக்கேல் ஓர்மலோவ் என்ற இன்னொரு நண்பரோடு வந்தார். சில மாதம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர் 15 வருஷம் இருந்துவிட்டார். 1936-இல் அவர் இயக்கிய ‘சதிலீலாவதி’யில்தான் எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா இரண்டு பேரும் முதன்முதலாகத் திரையில் வந்தார்கள். கடைசித் தமிழ்ப் படம் 1950-இல் ‘மந்திரி குமாரி’. இத்தனை வருஷத்தில் அவர் தமிழ் கற்றுக்கொள்ளவே இல்லை. உதவியாளர்கள் வசனத்துக்குப் பொருள் சொல்வார்கள். மற்றதை நடிகர் முகத்தையும் குரல் ஏறி இறங்குவதையும் வைத்துப் பிடித்துக்கொள்வார். ரீகல் பெஞ்சில் சித்தப்பா செய்ததும் இதேதானே! ஒருவர் கேமராவுக்குப் பின்னால், ஒருவர் திரைக்கு முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம்.

‘அம்பிகாபதி’ (1937) எடுத்தபோது காதல் காட்சி எப்படி வேண்டும் என்று வசனகர்த்தா இளங்கோவனிடம் விளக்க டங்கனுக்குத் தமிழும் இல்லை, கம்பர் மகன் கதையின் வாசனையும் இல்லை. ‘ரோமியோ ஜூலியட்’டை எடுத்துக் காட்டினார். இளங்கோவன் அதை உள்வாங்கி எழுதிய தமிழ்தான், தமிழ்ப்பட வசனத்துக்கே ஒரு புது நடையைக் கொடுத்தது.

அப்புறம் ‘மீரா’. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாக 1916-இல் பிறந்த சுப்புலட்சுமியை வைத்து டங்கன் 1940-இல் ‘சகுந்தலை’யும் 1945-இல் ‘மீரா’வும் எடுத்தார். ‘மீரா’வுக்கு முன்னால் அவர் செய்த ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எம்.எஸ்.ஸின் தலையைப் பிளாஸ்டரில் சிலையாக வார்க்கச் சொன்னார். அந்தச் சிலையை வைத்துக்கொண்டு அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் விளக்கை மேலே வைத்து, கீழே வைத்து, பக்கத்தில் சாய்த்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று படம் பிடித்துப் பார்த்தார்கள். படப்பிடிப்புக்கு எம்.எஸ். வந்து நின்றபோது அவர் முகத்துக்கான கணக்கு ஏற்கெனவே தயார். கிரேட்டா கார்போவுக்கு ஹாலிவுட் எப்படி விளக்கு வைத்ததோ அப்படி மதுரைப் பெண்ணுக்கு ஒருவர் விளக்கு வைத்தார். பாட்டில் என்ன சொல்கிறார் என்று தெரியாத ஆள்தான் அந்த முகத்தை அப்படிப் பார்க்க முடியும். தெரிந்தவர்கள் நாம், கேட்டுக்கொண்டே கண்ணை மூடிவிடுவோம்.

‘மந்திரி குமாரி’யை முழுதாக முடிக்காமலே டங்கன் அமெரிக்காவுக்குப் போனார், மீதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார். 2001-இல் டங்கன் இறந்தார்.

தொண்ணூறுகளில் ஹாலிவுட் படங்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. டைனோசர் துரத்தும்போது ஓடுகிறவன் சென்னைத் தமிழில் கத்தினான். சித்தப்பா ஒரே ஒரு டப்பிங் படத்துக்கு வந்தார். இடைவேளையில் எழுந்தவர் திரும்பி உட்காரவில்லை. “எல்லாத்தையும் அவிங்களே சொல்லிப்புட்டாய்ங்கடா” என்றார். பிறகு தியேட்டருக்கே போகவில்லை.

இந்த அத்தியாயத்துக்காகச் சில விவரம் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மடிக்கணினியோடு போயிருந்தேன். காது இப்போது நன்றாகவே மந்தம். ‘சிட்டி லைட்ஸ்’ போட்டுக் காட்டவா என்றேன். “பேசாத படம்தானே, போடு” என்றார். பள்ளிக்கூடம் லீவாக இருந்ததால் பேத்தியும் வந்து மடியில் சாய்ந்துகொண்டாள். எழுத்து அட்டை வந்ததும் அவள் படிக்கப் பார்த்தாள். “அதை விடு, நான் சொல்றேன்” என்று தொடங்கிவிட்டார்.

முதல் காட்சியில் சிலை திறப்பு விழா. பிரமுகர்கள் பேசுவார்கள், பேச்சுக்குப் பதில் பீப்பீ என்று ஊதல் சத்தம்தான் வரும். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் வாயசைவைப் பார்த்து, “இவரு நம்ம வார்டுக்குத் தண்ணி விடுறேங்கிறாரு” என்றார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். குத்துச்சண்டை வந்தபோது இரண்டு பேருக்கும் அவரே பேசினார். பணக்காரன் குடித்தால் நண்பன், தெளிந்தால் யாரோ என்பதற்குப் பரவையிலேயே ஒரு உதாரணம் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. பூக்காரி பிச்சியாகிவிட்டாள், சாப்ளின் முறைமாமன் ஆகிவிட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. கண் கிடைத்துவிட்ட அந்தப் பெண் கடைக்கு வெளியே நிற்கும் கந்தல்காரனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு பூவும் காசும் கொடுக்க அவன் கையைப் பிடிக்கிறாள். அந்தக் கையைத் தொட்டதும் நிற்கிறாள்.

சித்தப்பா பேசவில்லை.

பேத்தி காத்துப் பார்த்தாள். பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்டாள்: “தாத்தா, இப்ப என்ன சொல்றாங்க?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

(தொடரும்)